நிறுத்திய மின் பைக் சாயாமல் நிற்க

இருசக்கர வண்டி தரையைத் தொடும் இடங்கள் இரண்டே இரண்டு. இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடுதான் கிடைக்கும், பரப்பு கிடைக்காது. ஒரு பொருள் பிறர் பிடிக்காமல் தானாக நிற்க வேண்டுமானால், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு, தரையைத் தொடும் புள்ளிகளுக்குள் அடங்கிய பரப்பில் விழ வேண்டும். ஓடும் வண்டி சாயும்போது ஓட்டுபவர் கைப்பிடியைச் சாயும் பக்கமே சிறிது திருப்பி, சக்கரங்களை மறுபடி ஈர்ப்பு மையத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறார். நின்றுவிட்ட வண்டிக்கு அந்த வழி இல்லை. ஓட்டுபவர் ஊன்றும் கால்தான் அதற்கு மூன்றாவது புள்ளி. அவர் இறங்கிப் போன பிறகு அந்தக் காலின் வேலையைச் செய்வது ஸ்டாண்ட். மூன்று புள்ளிகள் சேர்ந்தால் முக்கோணம். அந்த முக்கோணம் எவ்வளவு அகலம், அதில் ஈர்ப்பு மையத்தின் நிழல் எங்கே விழுகிறது, முக்கோணத்தின் முனைகள் ஊன்றிய தரை எப்படிப்பட்டது என்ற மூன்றும் ஒழுங்காக அமைந்தால் வண்டி நிற்கும்.

மின் பைக்கை நிறுத்துவதில் உள்ள சிக்கல்கள் அனைத்தையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் ரேணிகுண்டா பொருத்தமான இடம். சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப் பாதையும் கூடூரிலிருந்து காட்பாடி செல்லும் பாதையும் இங்கே சந்திக்கின்றன. திருப்பதி விமான நிலையம் இருப்பதும் ரேணிகுண்டாவில்தான். திருப்பதி நகரம் 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது. காலையில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறுபவர்கள் மாலையிலோ மறுநாளோ வந்துதான் எடுக்கிறார்கள். வெயில், புயல் மழை, மலைப்பாதை எல்லாமே பக்கத்தில். மின் ஸ்கூட்டர்கள் பிறக்கும் இடமும் தூரத்தில் இல்லை. ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனம் 2022 அக்டோபரில் அறிமுகம் செய்த விடா வி1 ஸ்கூட்டர், இதே திருப்பதி மாவட்டத்தில் சத்தியவேடு அருகே உள்ள மதனபாளையம் ஆலையில் உருவானது. அதன் எடை சுமார் 125 கிலோ. இந்த அத்தியாயத்தின் கணக்குகளுக்கும் 125 கிலோ எடையே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சைட் ஸ்டாண்டின் கணக்கு

சைட் ஸ்டாண்ட் போட்ட வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு 9 டிகிரி என்றும், வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் கொள்வோம். சாய்வினால் ஈர்ப்பு மையம், இரு சக்கரங்களும் தரையைத் தொடும் கோட்டிலிருந்து 7 செ.மீ. இடப்புறம் தள்ளிப்போகிறது. ஸ்டாண்டின் பாதம் அதே கோட்டிலிருந்து 24 செ.மீ. இடப்புறத்தில் ஊன்றியிருக்கிறது. திருப்புத்திறனைச் சமன் செய்தால், 125 கிலோவை 7-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க வேண்டும். ஸ்டாண்டின் மேல் விழும் எடை சுமார் 37 கிலோ என்று வரும். மீதி எடையைச் சக்கரங்கள் சுமக்கின்றன.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய எண் 37 அல்ல, 7. வண்டி வலப்பக்கம் விழாமல் இருப்பது அந்த 7 செ.மீ. இடைவெளியை நம்பித்தான். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கைப்பிடிக்கருகே இடப்பக்கமிருந்து ஒருவர் தள்ளுகிறார் என்றால், 9 கிலோவுக்கும் குறைவான விசையிலேயே வண்டி நிமிரத் தொடங்கிவிடும். நிமிர நிமிர அந்த 7 செ.மீ. சுருங்குவதால் தேவையான விசையும் குறைந்துகொண்டே போகும். நேராக நிமிர்ந்துவிட்டால் அடுத்து வலப்பக்கம் விழுவதைத் தடுக்க எதுவுமே இல்லை. அதே வண்டியை வலப்பக்கமிருந்து தள்ளி ஸ்டாண்டைத் தாண்டி இடப்புறம் சாய்க்க, 17 செ.மீ. கடக்க வேண்டும். அதற்கு 21 கிலோ விசை வேண்டும். ஆக, சைட் ஸ்டாண்ட் ஒரு பக்கத்தில் வலிமையானது, மறுபக்கத்தில் மெலிந்தது. கூட்டமான இடத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடப்பவர் தெரியாமல் இடித்தாலே 9 கிலோ விசை வந்துவிடும்.

காற்றும் இதே வேலையைச் செய்யும். ஸ்கூட்டரின் பக்கவாட்டுப் பரப்பு ஏறத்தாழ 0.7 சதுர மீட்டர் என்றால், இடப்பக்கமிருந்து மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று அதை நிமிர்த்தி வலப்புறம் தள்ளப் போதுமானது. வெயிலுக்கு அஞ்சி வண்டிக்குக் கவர் போர்த்தினால், சக்கரங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் மூடப்பட்டு, காற்று தாக்கும் பரப்பு 1.1 சதுர மீட்டர் வரை விரிகிறது. அப்போது 55 கி.மீ. வேகக் காற்றே வண்டியைத் தள்ளிவிடும். கோடை மாலைகளில் இடியுடன் வரும் சூறைக்காற்று எளிதாக எட்டிவிடும் வேகம் அது. கவர் போர்த்திய வண்டியைச் சைட் ஸ்டாண்டில் விட்டுச் செல்வது நல்ல பழக்கம் அல்ல.

உருகும் தாரும் ஊறிய மண்ணும்

ஸ்டாண்டின் கணக்கு முழுவதும், பாதம் ஊன்றிய இடம் கீழே இறங்காது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ரேணிகுண்டாவில் மே மாதம் அந்த நம்பிக்கை பொய்க்கும். நிழலில் வெப்பம் 42, 43 டிகிரி செல்சியஸ் தொடும் நாட்கள் இங்கே அடிக்கடி வரும். அத்தகைய நாளில் கறுத்த தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. இந்தியச் சாலைகளில் பரவலாகப் பயன்படும் வி.ஜி. 30 வகைத் தாரின் மென்மையாகும் வெப்பநிலை, இந்தியத் தர நிர்ணயப்படி குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும். அதைவிடக் கெட்டியான வி.ஜி. 40 வகைக்கு அது 50 டிகிரி. இரண்டு எல்லைகளையும் வெயில் தாண்டிவிடுகிறது. சாலை உருகி ஓடாமல் இருப்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி ஒன்றோடொன்று இறுகிய ஜல்லி என்பதே. ஆனால் ஜல்லிகளைப் பிணைக்கும் தார் இளகிவிட்டால், தொடர்ந்து அழுத்தும் சுமைக்கு அது மெல்ல இடம் கொடுக்கும். லாரி பல டன் எடையோடு கடந்தாலும் ஒரு நொடியில் போய்விடுகிறது. ஸ்டாண்ட் காலையிலிருந்து மாலை வரை ஒரே இடத்தை அழுத்துகிறது. தார் போன்ற பொருள்களுக்குச் சுமையின் அளவைப் போலவே அது நீடிக்கும் நேரமும் முக்கியம்.

அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டாண்டின் பாதம் 10 சதுர செ.மீ. பரப்பில் தரையைத் தொடுகிறது என்றால், 37 கிலோ எடை ஒரு சதுர செ.மீ.க்கு 3.7 கிலோவாக இறங்குகிறது. ஸ்கூட்டர் டயர் தரையில் தரும் அழுத்தம் ஏறக்குறைய அதிலுள்ள காற்றின் அழுத்தமே, அதாவது 2 கிலோ அளவு. வண்டியின் பெரும் எடையைத் தாங்கும் டயரைவிட, சிறு எடை தாங்கும் ஸ்டாண்ட்தான் சாலையை அதிகமாகக் குத்துகிறது. பாதத்தின் ஓரம் மட்டும் தொட்டால் அழுத்தம் இன்னும் இரண்டு மடங்கு கூடிவிடும்.

பாதம் 2 செ.மீ. புதைந்தால் என்ன ஆகும்? வண்டியின் சாய்வு 9 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 14 டிகிரியாகிறது. ஈர்ப்பு மையம் 7 செ.மீ.க்குப் பதில் 11 செ.மீ. இடப்புறம் தள்ளி நிற்கிறது. ஸ்டாண்டின் சுமை 37-இலிருந்து 57 கிலோவாக உயர்கிறது. சுமை கூடியதால் பாதம் மேலும் வேகமாகப் புதைகிறது. புதைந்ததால் சாய்வு கூடுகிறது, சாய்வு கூடியதால் சுமை மறுபடி கூடுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழற்சியில்தான் வெயில் நேரத்து விபத்துகளின் இயல்பு அடங்கியிருக்கிறது. காலையில் ஒழுங்காக நின்ற வண்டி, யாரும் தொடாமலே பிற்பகலில் விழுந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

மருந்து மிக எளியது. பாதத்துக்கடியில் 8 செ.மீ. நீள அகலமுள்ள தகடு அல்லது கெட்டியான பலகைத் துண்டு ஒன்றை வைத்தால் பரப்பு 64 சதுர செ.மீ. ஆகிறது. அழுத்தம் 3.7 கிலோவிலிருந்து 0.6 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. ஸ்டாண்டின் பாதத்தோடு நிலையாகப் பொருத்தும் அகலத் தகடுகளும் கடைகளில் கிடைக்கின்றன. பாதத்தை அகலப்படுத்தும் தகடு, மின் பைக்குக்கு வாங்கும் துணைப் பொருள்களில் மிக மலிவானது, மிகப் பயனுள்ளதும்கூட. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தகடு தடிமனாக இருந்தால் பாதம் அந்த அளவு உயர்ந்து வண்டி கூடுதலாக நிமிர்ந்துவிடும். அரை செ.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதே சிக்கல் மண் தரையில் வருகிறது. 2021 நவம்பரில் திருப்பதியையும் சுற்றுவட்டாரத்தையும் புரட்டிப்போட்ட வெள்ளம் பலருக்கும் நினைவிருக்கும். காய்ந்த செம்மண் ஸ்டாண்டை நன்றாகவே தாங்கும். நீர் ஊறிய செம்மண்ணில் துகள்களுக்கு இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்து, தாங்கும் திறன் பெரிதும் குறைகிறது. தார் வெயில் தணிந்ததும் இறுகிவிடும். மண்ணோ மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் இளகியே இருக்கும். வண்டியை நிறுத்தும்போது மழை இல்லை என்பதால் தரை உறுதியானது என்று முடிவு செய்யக்கூடாது.

சரிவில் நிறுத்துதல்

சாலைகள் மட்டமானவை போலத் தோன்றினாலும் மழைநீர் வடிய வேண்டி நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரித்தே போடப்படுகின்றன. தார்ச்சாலைக்கு அந்தச் சரிவு பொதுவாக 2 முதல் 2.5 சதவீதம், கோணத்தில் ஒன்றரை டிகிரிக்குள். இந்தியாவில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால், சாலையின் இட ஓரத்தில் முகம் திருப்பாமல் நிறுத்தும் வண்டிக்குச் சரிவு இடப்புறமாக அமைகிறது. சைட் ஸ்டாண்டும் இடப்பக்கம் என்பதால் சாய்வு சற்றுக் கூடி, மெலிந்த வலப்பக்கத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. அதே வண்டியை எதிர் ஓரத்தில், அங்குள்ள போக்குவரத்தின் போக்கிலேயே முகம் வைப்பதற்கு முழுவதும் திருப்பி நிறுத்தினாலும் சரிவு இடப்புறமே. ஆனால் அந்த எதிர் ஓரத்தில் வண்டியைத் திருப்பாமல், போக்குவரத்தின் திசைக்கு எதிராக முகம் வைத்து நிறுத்தினால், சரிவு ஸ்டாண்டுக்கு எதிராகிவிடும்.

வலப்புறம் 6 சதவீதம் சரிந்த தரையில் வண்டியின் சாய்வு 9 டிகிரியிலிருந்து ஐந்தரை டிகிரிக்கு இறங்குகிறது. அதைத் தள்ளிவிட ஐந்தரை கிலோ விசை போதும். இந்த 6 சதவீதம் என்ற எண் தற்செயலானது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் மோட்டார் சைக்கிளின் சைட் ஸ்டாண்டைச் சோதிக்கும் பக்கச் சரிவு அதுவே. இந்தியாவில் இருசக்கர வண்டிகளின் ஸ்டாண்டுக்கு ஏ.ஐ.எஸ். 146 என்ற தரம் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை 2021 மார்ச் 31 அறிவிக்கையில் சேர்த்தது.

நீளவாட்டுச் சரிவில் ஆபத்து வேறு விதமானது. அங்கே வண்டி சாய்வதற்கு முன் உருள்கிறது. கியர் உள்ள பெட்ரோல் பைக்கை முதல் கியரில் போட்டு நிறுத்தினால், எஞ்சினின் அழுத்தம் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மின் பைக்கில் அந்தப் பிடிப்பு கிடையாது. சாவியை அணைத்ததும் சக்கரம் தடையின்றிச் சுழலும். டயரின் உருள் தடை எடையில் 2 சதவீத அளவே என்பதால், 125 கிலோ வண்டியை 2.5 கிலோ விசை உருட்டத் தொடங்கிவிடும். திருமலையின் உயரம் சுமார் 850 மீட்டர், திருப்பதி நகரம் சுமார் 160 மீட்டர். 19 கி.மீ. நீளமுள்ள மலைப்பாதையில் சராசரிச் சரிவு 3.6 சதவீதம் என்று வருகிறது. 125 கிலோ வண்டியை அது நாலரை கிலோ விசையால் கீழே இழுக்கும். பல இடங்களில் சரிவு சராசரியைவிடச் செங்குத்தானது.

சைட் ஸ்டாண்ட் மடக்கிய நிலையில் பின்னோக்கிக் கிடக்கும். போடும்போது கால் முன்னோக்கிச் சுழன்று தடையில் முட்டி நிற்கும். வண்டி பின்னால் உருண்டால் ஸ்டாண்ட் அந்தத் தடையில் மேலும் இறுகும். முன்னால் உருண்டால் பாதம் தரையில் நிற்க, வண்டி அதைக் கடந்து செல்ல, ஸ்டாண்ட் தானாகவே மடங்கிவிடும். ஆகவே சரிவில் வண்டியின் முகம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். 1944-இல் திறக்கப்பட்ட திருமலையின் முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்குப் பயன்படுகிறது. இறங்கும் வழியில் ஓரமாக நிறுத்தும் எந்த வண்டியும் இயல்பாகப் பள்ளத்தை நோக்கித்தான் நிற்கும். நிறுத்தக் கூடாத கோலம் அது. பின் பிரேக்கைப் பிடித்தபடி பூட்டி வைக்கும் கொக்கி இருந்தால் அதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்துக்கு முன்னால் கல் வைக்க வேண்டும். ஏத்தர், டி.வி.எஸ். ஐக்யூப், விடா போன்ற மின் ஸ்கூட்டர்களில் பின்னோக்கி நகரும் வசதி இருக்கிறது. அதனால் கனமான வண்டியையும் சரிவில் திருப்பி முகத்தை மேட்டுப்பக்கம் வைப்பது கடினமல்ல.

பேட்டரி இருக்கும் இடம்

மின் பைக்கின் ஈர்ப்பு மையத்தை முடிவு செய்வதில் பேட்டரிக்குப் பெரும் பங்கு உண்டு. பேட்டரியின் எடையோ அதன் வேதியியலைப் பொறுத்தது. ரேணிகுண்டா–கடப்பா சாலையில் கரகம்பாடியில் உள்ள அமரராஜா நிறுவனம் 1985-இல் தொடங்கி, ஈய–அமில பேட்டரிகளால் நாடெங்கும் அறியப்பட்டது. 2022 செப்டம்பரில், திருப்பதியின் மின்னணு உற்பத்தித் தொகுப்பில் சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனத்தின் லித்தியம் செல் ஆலையில் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியது. அங்கே உருவானவை பவர் பேங்க் போன்ற சிறு கருவிகளுக்கான செல்கள். இந்தச் சின்ன வட்டாரத்திலேயே இரண்டு தலைமுறை பேட்டரிகளும் அருகருகே இருக்கின்றன.

மலிவான பழைய பேட்டரி ஸ்கூட்டர்களில் 48 வோல்ட், 28 ஆம்பியர்–மணி ஈய–அமிலத் தொகுப்பு இருந்தது. சேமிக்கும் ஆற்றல் 1.3 யூனிட்டைச் சற்றே தாண்டும். எடையோ 40 கிலோ. விடா வி1 புரோவின் லித்தியம் பேட்டரிகள் 3.94 யூனிட் சேமிப்பவை. ஒரு கிலோவுக்கு 150 வாட்–மணி என்று கணக்கிட்டால் எடை 26 கிலோ அளவில் முடிந்துவிடும். ஈய–அமிலம் கால் வைக்கும் தளத்துக்கடியில் கிடந்ததால், கனமாக இருந்தாலும் ஈர்ப்பு மையத்தைக் கீழே வைத்திருந்தது. கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரிகளைச் சீட்டுக்கு அடியில் வைக்கும்போது எடை குறைகிறது, ஆனால் அந்த எடை உயரத்துக்குப் போகிறது. ஏத்தர் 450 வகையில் பேட்டரி தளத்துக்கடியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் நிறுத்தும்போது அதற்கு ஒரு சாதகம் உண்டு. அதே காரணத்தால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் சென்று சார்ஜ் போட முடியாது.

சுமை ஏற்றும்போது நடப்பது பலரையும் ஏமாற்றிவிடும். ஸ்டாண்ட் வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டது. மூட்டை வைத்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கிச் சட்டம் தாழ்கிறது. ஸ்டாண்டின் நீளம் மாறாததால் வண்டி நிமிர்கிறது. சட்டம் 2 செ.மீ. தாழ்ந்தால் 9 டிகிரிச் சாய்வு 4 டிகிரியாகிவிடும், வலப்புறம் விழ நாலைந்து கிலோ தள்ளல் போதும். டயரில் காற்று குறைந்தாலும் இதுவே நடக்கும். சைட் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் மேல் குழந்தையை உட்கார வைப்பது, இந்த ஒரு காரணத்துக்காகவே அறவே கூடாத செயல்.

சென்டர் ஸ்டாண்ட்

சென்டர் ஸ்டாண்டில் இரண்டு கால்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப, முன்சக்கரமும் இரு கால்களும் சேர்ந்து முக்கோணம் அமைக்கின்றன. கால்களுக்கு இடையே 30 செ.மீ. அகலம் என்றால், முன்சக்கரம் நோக்கி முக்கோணம் குறுகுவதையும் கழித்து, ஈர்ப்பு மையம் இருக்கும் இடத்தில் இரு பக்கமும் 13 செ.மீ. பாதுகாப்பு கிடைக்கிறது. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் 16 கிலோ விசை வேண்டும். சைட் ஸ்டாண்டின் வலிய பக்கத்துக்கு 21 கிலோ, மெலிந்த பக்கத்துக்கு 9 கிலோ என்று முன்பு கண்டோம். எந்தப் பக்கத்திலிருந்து இடி வரும் என்று தெரியாத இடத்தில் இரு பக்கமும் 16 என்பதே மேல். சுமையை இரண்டு கால்கள் பகிர்ந்துகொள்வதால் தாரில் புதைவதும் குறைவு. புதைந்தாலும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகப் புதையும் என்பதால் முன்பு சொன்ன சுழற்சி எளிதில் தொடங்காது. இடமும் மிச்சம். சாயாமல் நேராக நிற்கும் வண்டிகளை நெருக்கி அடுக்கலாம். ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் பணியாளர்கள் சென்டர் ஸ்டாண்ட் போடச் சொல்லி வற்புறுத்துவது நியாயமே. ஒரு வண்டி விழுந்தால் வரிசை முழுவதும் சரியும் இடம் அது.

கனமான மின் ஸ்கூட்டரைச் சென்டர் ஸ்டாண்ட் போட முடியாது என்று பலர் அஞ்சுகிறார்கள். தேவையான வேலை அவ்வளவு பெரிதல்ல. வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்வது இரண்டரை செ.மீ. அளவுதான். அதற்கு வேண்டிய ஆற்றல் சுமார் 31 ஜூல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஸ்டாண்டின் மிதியில் முழு எடையோடு ஏறி, மிதி 5 செ.மீ. இறங்கினாலே 29 ஜூல், அதாவது ஏறக்குறைய அந்த ஆற்றல் முழுவதும், கிடைத்துவிடும். தவறு நடப்பது முறையில்தான். கைப்பிடியைப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுப்பவர்கள் முதுகை வருத்திக்கொள்கிறார்கள், வண்டியோ அசைவதில்லை. இடக்கை கைப்பிடியில் இருக்க, வலக்கையால் சீட்டின் பின்னுள்ள கம்பியைப் பிடித்து, முதலில் மிதியை அழுத்தி இரு கால்களும் தரையைச் சமமாகத் தொடுவதை உறுதி செய்ய வேண்டும். பிறகு உடல் எடையை மிதியின் மேல் விட வேண்டும். கையின் வேலை வழிகாட்டுவது மட்டுமே. மெல்லிய செருப்போடு மிதித்தால் பாதம் நோகும், வழுக்கவும் செய்யும்.

மலைச்சரிவில் மட்டும் சென்டர் ஸ்டாண்டுக்கு முதலிடம் கிடையாது. பள்ளத்தை நோக்கி நிறுத்தினால் சைட் ஸ்டாண்டைப் போலவே அதுவும் முன்னால் உருண்டு மடங்கக்கூடியது.

மின் சைக்கிள்

மிதிபலகையோடு கூடிய மின் சைக்கிள்கள் வேறு வகை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் அடங்கினால், இந்திய விதிகளில் அவை மோட்டார் வாகனம் ஆகா. சாதாரண சைக்கிளின் எடை 15 கிலோவை ஒட்டி இருக்க, இவை 20 முதல் 28 கிலோ. கூடுதல் எடையில் பெரும்பகுதி பின்சக்கர மோட்டாரிலும் பேட்டரியிலும் இருக்கிறது. பேட்டரி கேரியரில் இருந்தால் எடை பின்னாலும் உயரத்திலும் குவியும். பெடல் அச்சுக்குப் பின்னால் ஒற்றைக் கால் ஸ்டாண்ட் போட்ட சைக்கிள், எடை குறைந்த முன்சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ள, சுழன்று விழும். இதைத் தவிர்க்க ஒற்றைக் கால் ஸ்டாண்டைப் பின்சக்கர அச்சுக்கருகே சட்டத்தில் பொருத்த வேண்டும். அதற்கென்று 18 மி.மீ. இடைவெளியில் இரு திருகுத் துளைகள் உள்ள சட்டங்கள் வருகின்றன. வேறு சில சட்டங்களில் அந்த இடைவெளி 40 மி.மீ. வாங்கும் முன் சட்டத்தில் உள்ள துளைகளை அளந்து பார்த்துவிடுவது நல்லது. துளை இல்லாத மெல்லிய அலுமினியக் குழாயில் இறுக்கிக் கட்டும் ஸ்டாண்ட் குழாயை நசுக்கிவிடும்.

பால்காரர்களும் மூட்டை சுமப்பவர்களும் ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிளில் இருந்த ஸ்டாண்ட்தான் சுமைக்கு மிகச் சிறந்தது. 1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் வண்டிகளில், பின் அச்சில் தொங்கும் ‘ப’ வடிவக் கம்பி ஸ்டாண்ட் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும். இரு பக்கமும் பால் கேன்கள் தொங்கினாலும் வண்டி அசையாது. மின் சைக்கிளில் எடை எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் தாங்குவது அதன் சிறப்பு. ஆனால் அதை அப்படியே மாட்ட முடியாது. சாதாரணப் பின் அச்சு பத்து மி.மீ.க்குள் இருக்கும். மோட்டார் உள்ள சக்கரத்தின் அச்சு 12 அல்லது 14 மி.மீ. தடிமன் கொண்டது, அதன் வழியே மின்கம்பியும் வெளியே வருகிறது. ஸ்டாண்டின் துளையை அகலப்படுத்தலாம். அச்சைத் தேய்க்கவோ, அச்சு சுழலாமல் பிடிக்கும் வளையத்தைக் கழற்றவோ கூடாது. ஸ்டாண்டின் கை மின்கம்பியில் உரசாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி ஒதுங்க இடமில்லை என்றால் பெடலுக்குப் பின் பொருத்தும் இரட்டைக் கால் ஸ்டாண்ட் அடுத்த நல்ல தேர்வு.

விழுந்தால்

மின் பைக் சத்தமில்லாதது. நின்ற வண்டி ஆன் ஆகியிருக்கிறதா இல்லையா என்று காதால் அறிய முடியாது. சைட் ஸ்டாண்டில் நிற்கும்போது கைப்பிடியை யாராவது திருகினால் வண்டி பாய்ந்துவிடும். அதற்காகவே ஸ்டாண்டின் மூட்டில் ஒரு சிறு காந்தமும் உணர்கருவியும் வைக்கப்படுகின்றன. ஸ்டாண்ட் கீழே இருக்கும்வரை மோட்டாருக்கு மின்சாரம் போகாது. சேறு படிந்தோ கம்பி அறுந்தோ இந்த உணர்கருவி பழுதானால், அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

கீழே விழுந்த வண்டியில் பெட்ரோல் சிந்தாது என்பது ஆறுதல். ஆனால் பேட்டரியின் உறை நசுங்கினால், உள்ளே செல்லின் மெல்லிய தடுப்புப் படலம் கிழிந்து, பல மணி நேரம் கழித்தும் சூடேறலாம். பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டது. கழற்றி எடுக்கும் பேட்டரியை 1 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டுப் பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. சோதனையில் தேறிய பேட்டரி என்றாலும், உறையில் பள்ளமோ விரிசலோ தெரிந்தால் சார்ஜ் போடாமல் சர்வீஸ் மையத்தில் காட்டிவிட வேண்டும். சார்ஜ் ஏறும் நேரத்தில் வண்டி விழுந்தால் கம்பி இழுபட்டு இணைப்பு முனையும் உடையும். சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டிக்கு அதைப் போடாமல் சார்ஜ் போடக்கூடாது.

ஸ்டாண்டுக்குப் பராமரிப்பு கொஞ்சம்தான். மூட்டுத் திருகு தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் கால் அகன்று சாய்வு கூடும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஓட்டத்தில் ஸ்டாண்ட் தொங்கித் தரையில் இடிக்கும். சர்வீஸ் விடும் ஒவ்வொரு முறையும் மூட்டைக் கழுவி கிரீஸ் வைக்கச் சொல்ல வேண்டும். நிறுத்தியதும் கைப்பிடியை இடப்புறம் முழுவதும் திருப்பிப் பூட்டினால், முன்சக்கரம் தானாகத் திரும்பி வண்டியை உருட்டும் வாய்ப்பும் அடைபடும்.

சில நிமிடங்கள் நிறுத்த, கண் பார்வையில், உறுதியான தரையில் சைட் ஸ்டாண்ட் போதும். ரயில் ஏறிப் போகிறவர் ரேணிகுண்டா வெயிலில் நாள் முழுவதும் விட்டுச் செல்லும் வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்டே சரி. அது இல்லாத வண்டியை வாங்குகிறவர்கள், அதே மாடலுக்கென்று தயாரான சென்டர் ஸ்டாண்டை வாங்கும் நாளிலேயே பொருத்திக்கொள்ள வேண்டும்.